டிரான்ஸ்ஃபெரின் ரிசெப்டர் பரிசோதனை: கொழும்பு லேப்களில் காசு கட்டிச் செய்வது யாருக்குப் பிரயோசனம்?

காலி வீதியில் வெள்ளவத்தை தொடக்கம் பம்பலப்பிட்டி வரை நடந்தாலே இரத்தம் எடுக்கும் நிலையங்கள் வரிசையாகக் கண்ணில் படும். முடி கொட்டுகிறது, களைப்பாக இருக்கிறது, படியேறினால் இளைக்கிறது என்று போகிறவருக்கு அங்கே பெரும்பாலும் கிடைப்பது ‘அயன் ஸ்டடீஸ்’ என்ற பொதி. சீரம் இரும்பு (இரத்தத்தில் ஓடும் இரும்பு), டி.ஐ.பி.சி. (இரத்தம் மொத்தமாக எவ்வளவு இரும்பைச் சுமக்கும் என்பது), நிரம்பல் சதவீதம் (அந்தக் கொள்ளளவில் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது) ஆகிய மூன்றும் அதில் வரும். சில இடங்களில், உடம்பின் இரும்புக் களஞ்சியத்தைக் காட்டும் ஃபெரிட்டினும் சேர்ந்திருக்கும். இவற்றுக்கு மேலே தனியாகக் காசு கட்டிச் செய்விக்கும் ஒன்றுதான் ‘சொலியுபிள் டிரான்ஸ்ஃபெரின் ரிசெப்டர்’. துண்டில் எஸ்.டி.எஃப்.ஆர். என்று எழுதியிருப்பார்கள். இந்த மதிப்பீடு முக்கியமாக அதைப் பற்றியது. பொதியில் உள்ள மற்றவற்றோடு ஒப்பிடாமல் அதை எடைபோட முடியாது என்பதால் அவையும் இடையில் வரும்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பரிசோதனை நல்லது. ஆனால் கேட்டு வருகிற அநேகருக்கு அது தேவையில்லை; ஃபெரிட்டினும் எஃப்.பி.சி.யும் (இரத்தக் கலங்களின் எண்ணிக்கை) சி.ஆர்.பி.யும் (உடம்பில் அழற்சி இருக்கிறதா என்று காட்டுவது) போதும். உடம்பில் நாட்பட்ட அழற்சி இருந்து, ஃபெரிட்டின் இரண்டுங்கெட்டானாக நிற்கும்போதுதான் இதற்குக் கொடுக்கும் காசு வீண்போகாது. இந்தத் தீவில் தலசீமியா (ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத பரம்பரை நோய்) பரவலாக இருப்பதால், அதை விலக்காமல் இதைச் செய்தால் குழப்பமே மிஞ்சும்.

ஏன் என்று விளங்க, இந்த ரிசெப்டர், அதாவது இரும்பைக் கலத்துக்குள் வாங்கும் ‘வாங்கி’, செய்யும் வேலையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். வளர்ந்த ஒருவர் உடம்பில் 3 முதல் 4 கிராம் இரும்பு உண்டு. குருதித் திரவவிழையத்தில் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதத்தின் முதுகில் ஏறி ஓடிக்கொண்டிருப்பது எந்த நேரமும் 3, 4 மில்லிகிராம்தான். ஆனால் என்பு மச்சைக்கு ஒரு நாளைக்குத் தேவை 20 முதல் 25 மில்லிகிராம். அதாவது அந்தச் சிறிய சுமை ஒரே நாளில் பல தடவை இறக்கி ஏற்றப்படுகிறது. சாப்பாட்டிலிருந்து குடல் உறிஞ்சுவது நாளுக்கு 1, 2 மில்லிகிராம் மட்டுமே. மிச்சமெல்லாம் வயதான செங்குழியங்களைப் பிரித்து எடுத்த பழைய இரும்பு.

சுமை இறங்கும் துறைதான் வாங்கி 1. ஒரே மாதிரியான இரண்டு புரதச் சங்கிலிகள் கந்தகப் பிணைப்பால் கோத்து, கலத்தின் மேற்பரப்பில் நிற்கும். ஒவ்வொரு சங்கிலியும் ஒரு டிரான்ஸ்ஃபெரினைப் பிடிக்கும். ஒவ்வொரு டிரான்ஸ்ஃபெரினிலும் இரண்டு இரும்பு அணுக்கள். பிடித்ததும் கலச்சவ்வு உள்ளே குழிந்து ஒரு சிறு பையாகிறது. பைக்குள் அமிலம் ஏறி பி.எச். 5.5 அளவுக்கு இறங்கும்போது இரும்பு கழன்று விழுகிறது. ஸ்டீப் 3 என்ற நொதியம் அதை ஃபெரிக்கிலிருந்து ஃபெரஸ் ஆக்க, டி.எம்.டி. 1 என்ற வாயில் அதைக் கலத்துக்குள் விடுகிறது. வெறுங்கையான டிரான்ஸ்ஃபெரின் வாங்கியை விடாமல் பிடித்தபடியே மேற்பரப்புக்குத் திரும்பி, வெளியே பி.எச். 7.4ஐத் தொட்டதும் கையை விடுகிறது. கொண்டுவந்தவரும் வீணாகவில்லை, துறையும் வீணாகவில்லை. இரண்டும் அடுத்த நடைக்குத் தயார்.

கலத்துக்குள் இரும்பு குறைந்தால் இந்த வாங்கிகளை அது கூடுதலாகச் செய்கிறது. வாங்கிக்கான தூது ஆர்.என்.ஏ.யின் (அதைச் செய்வதற்கான குறிப்பின்) வால்பகுதியில் ஐந்து வளையங்கள் உண்டு. இரும்பு இல்லாத நேரத்தில் ஐ.ஆர்.பி. என்ற புரதங்கள் அவற்றில் உட்கார்ந்துகொள்ள, அந்த ஆர்.என்.ஏ. சிதையாமல் நீண்ட நேரம் நிற்கும். அதே புரதங்கள் ஃபெரிட்டினின் ஆர்.என்.ஏ.யில் தலைப்பகுதியில் உட்காரும், அங்கே உற்பத்தி தடைப்படும். வாங்கி கூடும், களஞ்சியம் சுருங்கும். ஒரே சாவி, இரண்டு பூட்டு.

இரத்தத்தில் அளப்பது முழு வாங்கியை அல்ல, கலத்துக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்து வெட்டுப்பட்ட துண்டை. அதில் ஏறத்தாழ 80 வீதம் என்பு மச்சையில் முதிர்ந்துகொண்டிருக்கும் செங்குழிய முன்னோடிகளிலிருந்து வருகிறது. நடுப்பருவ முன்னோடி ஒன்றில் எட்டு இலட்சம் வாங்கிகள் வரை இருக்கும். முழுதாக முதிர்ந்த செங்குழியத்தில் ஒன்றும் இராது. (1983இல் செம்மறியாட்டின் இளம் செங்குழியங்கள் இந்த வாங்கியை எப்படிக் கழற்றி எறிகின்றன என்று பார்த்துக்கொண்டிருந்தவர்கள்தான், இன்று எக்ஸோசோம் என்று எல்லோரும் பேசும் நுண்பைகளை முதலில் கண்டவர்கள்.) ஆகவே இந்த அளவு கூடுவதற்குக் காரணம் இரண்டு: ஒன்று, முன்னோடிக் கலங்கள் இரும்புக்குப் பசித்திருக்கின்றன. மற்றது, முன்னோடிக் கலங்களின் எண்ணிக்கையே பெருகிவிட்டது. பரிசோதனையின் பலமும் பலவீனமும் இந்த இரண்டுக்குள் அடக்கம்.

சாக்கில் எவ்வளவு அரிசி இருக்கிறது என்று சொல்வது ஃபெரிட்டின். வீட்டில் எத்தனை பேர் பசியோடு இருக்கிறார்கள் என்று சொல்வது எஸ்.டி.எஃப்.ஆர். சாக்கு காலியாகும் வரை பசி தெரியாது. 1990இல் தொண்டர்களின் குருதியைப் படிப்படியாக எடுத்துச் செய்த ஆய்விலும் இதே ஒழுங்குதான் தெரிந்தது. முதலில் ஃபெரிட்டின் இறங்கியது, களஞ்சியம் தீர்ந்தபின் எஸ்.டி.எஃப்.ஆர். ஏறியது, ஹீமோகுளோபின் விழுந்தது அதற்கும் பிறகு. நாரஹேன்பிட்டி இரத்த வங்கியில் நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஒழுங்காக இரத்ததானம் செய்பவர்கள் இதைக் கவனிக்கலாம். 450 மில்லிலீற்றர் கொடுக்கும்போது 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு போகிறது. அதை ஈடுசெய்யாவிட்டால் சாக்கு மெல்ல மெல்லக் காலியாகும், ஹீமோகுளோபின் மட்டும் நல்ல பிள்ளையாக நிற்கும். இவர்களுக்கும் ஃபெரிட்டினே போதும்.

பொதியில் உள்ள மற்றவை எப்படி? சீரம் இரும்பு தனியாக வந்தால் மிக மோசமான பேரம். நேரத்துக்கு நேரம் மாறும், காலையில் ஓர் எண், மாலையில் வேறு எண். முந்திய நாள் விழுங்கிய குளிசை அதை ஏற்றிவிடும், காய்ச்சல் இறக்கிவிடும். நிரம்பல் சதவீதம் கொஞ்சம் மேல். 20 முதல் 45 வரை வழமை, 16க்குக் கீழே போனால் கலங்களுக்கு இரும்பு போதாது. ஆனால் ஏன் போதவில்லை என்று அது சொல்லாது. இரும்பே இல்லாமலும் இருக்கலாம். அழற்சியால் ஹெப்சிடின் என்ற ஓமோன் கூடி, இருக்கிற இரும்பைக் களஞ்சியத்துக்குள் பூட்டி வைத்திருக்கவும் கூடும். டி.ஐ.பி.சி. முதலாவதில் கூடும், இரண்டாவதில் குறையும் என்று பாடப்புத்தகம் சொல்லும். இரண்டும் ஒருவரிடமே இருந்தால் நடுவில் எங்கேயோ நிற்கும், வாசிக்க முடியாது.

ஃபெரிட்டின்தான் காசுக்குப் பெறுமதி. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டலின்படி, ஆரோக்கியமான வளர்ந்தவருக்கு லீற்றருக்கு 15 மைக்ரோகிராமுக்குக் கீழே என்றால் இரும்புக் குறைபாடு. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு 12. தொற்றோ அழற்சியோ இருந்தால் எல்லை மேலே போகிறது: வளர்ந்தவருக்கு 70, சின்னப் பிள்ளைக்கு 30. ஏனெனில் ஃபெரிட்டின் அழற்சியில் தானாகவே ஏறும். சி.ஆர்.பி. இல்லாமல் வரும் ஃபெரிட்டின் ரிப்போர்ட்டைப் பாதி ரிப்போர்ட் என்றே எடுக்க வேண்டும். பொதியில் சீரம் இரும்பை எடுத்துவிட்டு அந்த இடத்தில் சி.ஆர்.பி.யைப் போட்டுத் தருகிற லேப்பை யாராவது கண்டால் அங்கேயே போங்கள்.

எஸ்.டி.எஃப்.ஆர். அழற்சியில் ஏறாது. அதன் முழு மதிப்பும் இதில்தான் இருக்கிறது. மூட்டுவாதம், குடல் அழற்சி, நாட்பட்ட தொற்று உள்ள ஒருவருக்கு ஹீமோகுளோபின் 9.5, ஃபெரிட்டின் 60, சி.ஆர்.பி. 25 என்று வைத்துக்கொள்வோம். இரும்பு கொடுப்பதா, நோயை மட்டும் பார்ப்பதா? அந்த இடத்தில் எஸ்.டி.எஃப்.ஆர். உயர்ந்திருந்தால் உண்மையான குறைபாடு கூடவே இருக்கிறது. வழமையாக இருந்தால் அழற்சியே முழுப் பொறுப்பு. முன்பு என்பு மச்சையில் ஊசி குத்தி இரும்புச் சாயம் போட்டுப் பார்த்த கேள்விக்கு, கையில் எடுத்த இரத்தத்திலேயே விடை கிடைக்கிறது.

எண்ணை மட்டும் பார்க்காமல் ஒரு கணக்குப் போடுவது நல்லது. எஸ்.டி.எஃப்.ஆர். அளவை ஃபெரிட்டினின் பத்தடி மடக்கையால் (கல்குலேட்டரில் log) வகுக்க வேண்டும். எஸ்.டி.எஃப்.ஆர். 4.9, ஃபெரிட்டின் 40 என்றால், 40இன் மடக்கை 1.6, விடை 3.06. 2க்கு மேல் என்பதால் குறைபாடு. எஸ்.டி.எஃப்.ஆர். 2.0, ஃபெரிட்டின் 150 என்றால் விடை 0.92, 1க்குக் கீழ், அழற்சியால் வந்த குருதிச்சோகை. ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையில் விழுந்தால் வைத்தியர் நோயாளியைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஃபெரிட்டின் 1 என்று வந்தவருக்கு மடக்கை பூச்சியம், வகுக்கவே முடியாது. அவருக்குக் கணக்கு எதற்கு, குளிசையைக் கொடுத்தால் போதும்.

இந்த 1ம் 2ம் எல்லா இயந்திரத்துக்கும் பொருந்தாது என்பதே இந்தப் பரிசோதனையின் பெரிய குறை. ஒவ்வொரு கம்பனியும் தன் அளவுகோலைத் தானே வைத்திருக்கிறது. ரோஷ் முறையில் ஆண்களுக்கு லீற்றருக்கு 2.2 முதல் 5.0 மில்லிகிராம், பெண்களுக்கு 1.9 முதல் 4.4 வழமை. ராம்கோ முறையில் 8.3 வரை வழமை. 5.5 என்று ஒரு பெண்ணின் ரிப்போர்ட் வந்தால் முதலாவதில் அது உயர்வு, இரண்டாவதில் ஒன்றுமில்லை. போதாததற்கு, சில இயந்திரங்கள் நனோமோலில் தரும். ஒரு மில்லிகிராம் என்பது ஏறத்தாழ 11.8 நனோமோல். உலக சுகாதார நிறுவனம் பொதுவான ஒப்பீட்டுப் பொருள் ஒன்றைக் கொண்டுவந்தபின்னும் எல்லைகள் இன்னும் ஒன்றாகவில்லை. ஆகவே ரிப்போர்ட்டில் எண்ணோடு அலகு, அந்த முறைக்கான வழமை எல்லை, முறையின் பெயர் மூன்றும் அச்சாகியிருக்க வேண்டும். மூன்றில் ஒன்று குறைந்தாலும் கவுண்டரில் திருப்பிக் கேளுங்கள். இரண்டாம் தடவை செய்யும்போது வேறு லேப்புக்குப் போகாதீர்கள், மலிவு என்றாலும்.

இனி இந்த நாட்டுக்கே உரிய சிக்கல். குருநாகலில் தேசிய தலசீமியா நிலையம் இயங்குகிற நாடு இது. பீட்டா தலசீமியாவின் ஒற்றைப் பரம்பரையலகைக் காவும் ஆட்கள் எல்லாச் சமூகத்திலும் உண்டு, ஹீமோகுளோபின் ஈ என்ற மாறுபட்ட வகையைக் காவுபவர்களும் உண்டு. இவர்களுடைய செங்குழியங்கள் சிறியவை, ஹீமோகுளோபின் கொஞ்சம் குறைவு. ஆனால் இரும்பு தாராளமாக இருக்கலாம். முன்னோடிக் கலங்கள் பெருகி வேலை செய்வதால் எஸ்.டி.எஃப்.ஆர். உயர்ந்தே நிற்கும். அதைக் குறைபாடு என்று வாசித்து, மாதக்கணக்கில் இரும்புக் குளிசை போட்டால் ஒரு பலனும் இல்லை.

இதற்குக் காசு செலவழிக்க முன், கையில் இருக்கும் எஃப்.பி.சி. துண்டையே பாருங்கள். எம்.சி.வி.யை (செங்குழியத்தின் சராசரிப் பருமன்) செங்குழிய எண்ணிக்கையால் வகுங்கள். எம்.சி.வி. 62, எண்ணிக்கை 5.9 என்றால் 10.5 வரும். 13க்குக் கீழே வந்தால் தலசீமியாவைச் சந்தேகிக்கலாம், மேலே வந்தால் இரும்புக் குறைபாட்டை. இது துப்பு மட்டுமே, தீர்ப்பல்ல. அடுத்த படி, ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் எச்.பி.எல்.சி. பரிசோதனை; அதில் ஹீமோகுளோபின் ஏ2 என்ற வகை 3.5 வீதத்துக்கு மேல் என்றால் அவர் பீட்டா தலசீமியாவைக் காவுபவர். ஒன்றை மறக்கக்கூடாது: கடுமையான இரும்புக் குறைபாடு ஏ2வைக் குறைத்துக் காட்டும், ஆகவே ஃபெரிட்டின் மிகக் குறைவாக இருப்பவர் முதலில் இரும்பை ஏற்றிவிட்டு எச்.பி.எல்.சி.யைத் திருப்பிச் செய்ய வேண்டி வரலாம். இருவருமே காவுபவர்களாக இருந்தால் பிள்ளைக்குக் கடும் தலசீமியா வரலாம் என்பதால், திருமணம் பேசுகிற வீட்டுக்கு இந்த வரிசை மிக முக்கியம்.

பி12 குறைபாடு, செங்குழியம் உடையும் நோய்கள், சிறுநீரக நோயாளிக்குச் செங்குழியம் பெருகப் போடும் எரித்ரோபொயட்டின் ஊசி ஆகியவையும் எஸ்.டி.எஃப்.ஆர். அளவை ஏற்றும். மச்சை சோர்ந்துபோன நோய்களில் அது இறங்கிவிடும், குறைபாடு இருந்தாலும் வெளியே தெரியாது.

சேவைப் பக்கம். மாதிரி எடுப்பது எளிது: ஜெல் போட்ட மஞ்சள் மூடிக் குழாய் ஒன்று போதும், அதே குழாயில் ஃபெரிட்டின், சி.ஆர்.பி. எல்லாம் செய்யலாம். எஃப்.பி.சி.க்கு மட்டும் ஊதா மூடி ஈ.டி.டி.ஏ. குழாய். ஊதாக் குழாயில் மிஞ்சியதைச் சீரம் இரும்புக்கு எடுக்கக்கூடாது, ஈ.டி.டி.ஏ. இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்ளும், விடை தாறுமாறாகக் குறையும். எஸ்.டி.எஃப்.ஆர். அளவுக்கு வெறும் வயிறு வேண்டியதில்லை. பொதியில் சீரம் இரும்பும் இருந்தால் காலையில், சாப்பிடாமல், இரும்புக் குளிசை நிறுத்தி ஒரு முழு நாளாவது கழித்துப் போங்கள்.

பணம் கட்ட முன் இரண்டு கேள்வி. இந்தப் பரிசோதனை இங்கேயே நடக்கிறதா, வெளியே அனுப்புகிறீர்களா? எந்த நாளில் ஓட்டுவீர்கள்? கேட்கிறவர்கள் குறைவான பரிசோதனையைச் சேர்த்துவைத்து ஓட்டுவது எந்த லேப்பிலும் வழக்கம். மாதிரி குளிரூட்டியில் சில நாள் தாங்கும், அதனால் தாமதம் ஒரு குற்றமல்ல. ‘நாளைக்கு வாங்க’ என்று நான்கு தரம் சொல்லி அலைக்கழிப்பதுதான் குற்றம்.

யாரும் கேட்காத, ஆனால் கேட்க வேண்டிய இன்னொரு விஷயம் பயோட்டின். முடி கொட்டுகிறவர் பார்மசியில் 5 அல்லது 10 மில்லிகிராம் பயோட்டின் குளிசை வாங்கிப் போட்டுக்கொண்டு, அதே முடிக்காக ஃபெரிட்டினும் செய்யப் போவார். பயோட்டின்-ஸ்ட்ரெப்டவிடின் பிணைப்பில் வேலை செய்யும் சில இயந்திரங்களில் அந்தக் குளிசை ஃபெரிட்டினைப் பொய்யாகக் குறைத்துக் காட்டும். இல்லாத குறைபாடு உண்டாகிவிடும். இரண்டு நாளாவது நிறுத்திவிட்டுப் போங்கள். மறந்து போட்டிருந்தால் இரத்தம் எடுக்கும் மிஸ்ஸிடம் சொல்லுங்கள்.

இணையத்தில் இந்த வாங்கியின் பெயரைத் தேடினால் வேறு பல வரும், எஸ்.டி.எஃப்.ஆர். ரிப்போர்ட்டுக்கும் அவற்றுக்கும் தொடர்பில்லை. மூளையின் குருதித் தடையைத் தாண்ட இதே வாங்கியில் தொற்றிக்கொண்டு போகும் ஒரு நொதிய மருந்துக்கு, ஹன்ட்டர் நோய் என்ற அரிய பரம்பரை நோய்க்காக, 2021இல் ஜப்பான் அனுமதி கொடுத்தது. பிளாஸ்மோடியம் வைவாக்ஸ் மலேரியா இளம் செங்குழியத்துக்குள் நுழைவதும் இந்த வழியால்தான். வாங்கி 2 என்று இன்னொன்றும் உண்டு. அது பெரும்பாலும் ஈரலில் இருந்து, இரும்பு ஏறிய டிரான்ஸ்ஃபெரின் எவ்வளவு ஓடுகிறது என்று உணர்ந்து ஹெப்சிடினைக் கூட்டும். அதன் பரம்பரையலகு பழுதானால் இரும்பு அளவுக்கு மிஞ்சிச் சேரும், ஹீமோகுரோமட்டோசிஸ் மூன்றாம் வகை. இரும்பு மிகுதியைத் தேடுபவருக்கு எஸ்.டி.எஃப்.ஆர். உதவாது; அவர் பார்க்க வேண்டியது நிரம்பல் சதவீதத்தையும் ஃபெரிட்டினையும்.

ஹெப்சிடினைத் தெரிந்துகொண்டால் குளிசை போடும் முறையும் மாறும். 200 மில்லிகிராம் ஃபெரஸ் சல்பேட் குளிசையில் 65 மில்லிகிராம் இரும்பு உண்டு, அதே எடை ஃபெரஸ் ஃபியூமரேட்டிலும் அவ்வளவுதான். ஒன்றை விழுங்கினால் ஹெப்சிடின் ஏறி ஒரு நாள் வரை குடல் கதவைச் சாத்தி வைக்கும். அதனால் வைத்தியர் சம்மதித்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு குளிசை போடுவது பலருக்குப் போதும், வயிற்று எரிச்சலும் குறைவு. கர்ப்பிணிகள் மட்டும் எம்.ஓ.எச். (பிரதேச சுகாதார வைத்திய அதிகாரி) கிளினிக்கில் சொன்னபடியே போட வேண்டும். சோற்றுக்குப் பின் பிளேன்டீ குடிக்கும் பழக்கம் உள்ளவர் குளிசைக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் இரண்டு மணித்தியாலமாவது விடட்டும், கல்சியம் குளிசையையும் வேறு நேரத்துக்குத் தள்ளட்டும்.

குளிசை தொடங்கி இரண்டாம் வாரமே எஸ்.டி.எஃப்.ஆர். செய்து ‘இன்னும் கூடியிருக்கே’ என்று பதறாதீர்கள். இரும்பு கிடைத்ததும் மச்சை வேகமாக வேலை தொடங்கும். முன்னோடிகள் பெருகுவதால் அளவு சில வாரம் உயர்ந்தே நிற்கும், சில வேளை இன்னும் ஏறும். மூன்று, நான்கு வாரத்தில் எஃப்.பி.சி. மட்டும் செய்யுங்கள். ஹீமோகுளோபின் 1 முதல் 2 கிராம் ஏறியிருந்தால் வழி சரி. மூன்று மாதத்தில் ஃபெரிட்டின். நாளத்தால் இரும்பு ஏற்றியவர் அதையும் குறைந்தது நான்கு வாரம் கழித்தே பார்க்க வேண்டும், முந்தினால் ஃபெரிட்டின் பொய்யாக மிக உயர்ந்திருக்கும். எஸ்.டி.எஃப்.ஆர். இரண்டாம் முறை தேவைப்படுவது, முதலில் அதை வைத்தே முடிவெடுத்த, இன்னும் சி.ஆர்.பி. இறங்காத நோயாளிக்கு மட்டும்.